எல்லா நாளும் வெள்ளிக்கிழமை

அந்தக் குட்டைக்குப் பெயர் கிடையாது. டோல்கேட்டிலிருந்து திருவொற்றியூர் போகும் சாலைக்கு மேற்கே, ரயில் பாதை மேட்டுக்கும் பனைமர லைன் வீடுகளுக்கும் நடுவே அது பாட்டுக்குக் கிடந்தது. பகலில் பார்த்தால் ஓரமெல்லாம் பாசி பிடித்த சாதாரணத் தண்ணீர்தான். பொழுது சாய்ந்தால் வேறு கதை. வானம் மெல்ல இறங்கி வந்து அதில் படுத்துக்கொள்ளும். பனைமரங்கள் தலைகீழாக நின்று காற்றில்லாமலே ஆடும். துறைமுகத்திலிருந்து சரக்கு ஏற்றிக்கொண்டு வரும் கூட்ஸ் வண்டி மேட்டின் மேல் தடதடவென்று போகும்போது, அடியில் இன்னொரு வண்டி சத்தமே இல்லாமல் கூடவே போகும்.

கெங்கம்மாவுக்கு அந்தச் சத்தமில்லாத வண்டியைத்தான் பிடிக்கும்.

அவள் புருஷன் லோகநாதன் கூட்ஸ் வண்டியில் கார்டு. கடைசிப் பெட்டிதான் அவனுக்கு வீடு மாதிரி. வேலைக்குப் போனால் திரும்பி வர இரண்டு நாளும் ஆகும், நாலு நாளும் ஆகும். அவன் புறப்படும் வண்டி பெரும்பாலும் விளக்கு வைக்கும் நேரத்தில் குட்டையைக் கடக்கும். அப்போது அவன் பெட்டி வாசலில் நின்று கைவிளக்கை வெளியே நீட்டிப் பிடித்திருப்பான். ஆட்ட மாட்டான். ஆட்டினால் இன்ஜின்காரருக்கு அதற்கு வேறு அர்த்தம் உண்டு. சும்மா நீட்டிப் பிடிப்பான், அவ்வளவுதான்.

ஆனால் தண்ணீர் சும்மா இருக்காது. அந்த விளக்கின் வெளிச்சத்தை வாங்கி, இழுத்து, மஞ்சள் நூல் மாதிரி நீட்டி, குட்டையின் இக்கரை வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கும். இக்கரையில் ஒரு துவைக்கிற கல். அதன் மேல் கெங்கம்மா நின்றுகொண்டிருப்பாள். நூலின் நுனி அவள் கால்விரலை வந்து தொடும். வண்டி நகர நகர நூலும் நகரும். பிறகு பாதை வளைந்து பனைகளுக்குப் பின்னால் போய்விடும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர்கள் இருவரும் விடைபெற்றுக்கொள்வது இப்படித்தான். வீட்டு வாசலில் வைத்து 'போய் வருகிறேன்' என்று அவன் சொன்னதே இல்லை.

ஒரு வைகாசி மாதத்து மாலையில் நூல் வந்து சேரவில்லை.

வண்டி வந்தது. விளக்கு நீண்டது. வெளிச்சம் முக்கால் குட்டை வரை அழகாக வந்தது. அதற்குப் பிறகு எதிலோ இடித்துக்கொண்டதுபோல நின்றுவிட்டது. கெங்கம்மா குனிந்து பார்த்தாள். கல்லுக்கும் தண்ணீருக்கும் நடுவில் குப்பை மேடு. கொஞ்ச நாளாகவே குப்பை வண்டிக்காரர் அங்கே கொட்டிக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்துவிட்டது என்பதுதான் தெரியாமல் போயிற்று. மேட்டின் நுனியில், தண்ணீரில் பாதி நனைந்து, பஞ்சு பிதுங்கிக் கிடந்தது ஒரு தலையணை. நீலக்கட்டம் போட்ட உறை. அவள் தன் கையால் தைத்த உறை. போன மாதம் அவள் தன் கையாலேயே குப்பைத் தொட்டியில் கொண்டுபோய்ப் போட்டது.

மூன்றாம் நாள் லோகநாதன் வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "அன்னிக்கு உன்னிய பாக்கவே முடில கெங்கா. கல்லு எங்க கீதுன்னே தெரில. இருட்டா ஒரு மேடுதான் தெரிஞ்சுது."

"குப்ப, மாமா."

"இப்டியே போனா ஆடிக்குள்ள குட்டைய மூடிடுவானுங்க. அப்பால அது மேல யார்னா குட்ச போட்டுக்குவாங்க." சொம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தான். பிறகு, "வூட்லயே சொல்லிக்கினு போறேன், இன்னா இப்போ" என்றான்.

அவன் சிரித்தபடிதான் சொன்னான். கெங்கம்மாதான் தன் தட்டைத் தள்ளி வைத்தாள்.

மறுநாள் காலை அவள் குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு தொட்டி வரை போனாள். பாதி வழியில் நின்றாள். குப்பை என்றால் எங்கோ தொலைவில், உலகத்துக்கு வெளியே போய்விடுகிற ஒன்று என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். எங்கும் போகவில்லை. கொல்லைப்புறமாகச் சுற்றி வந்து அவள் கால்மாட்டிலேயே படுத்திருக்கிறது. கூடையோடு திரும்பி வீட்டுக்கு வந்தாள்.

கூடையைக் கவிழ்த்து முன்னால் உட்கார்ந்தாள். சாம்பல் இருந்தது, பாத்திரம் தேய்க்க எடுத்து வைத்தாள். தேங்காய் ஓடும் மட்டையும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. காய்கறித் தோலும் கழுநீரும் பால்காரர் ராமசுப்புவின் எருமைக்கு. மீன் செதிலையும் முள்ளையும் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்து மேலே மண்ணைத் தள்ளினாள். தகர டப்பா, மருந்து பாட்டில், பழைய காகிதமெல்லாம் ஒரு சாக்கில். பேரீச்சம்பழம் கொடுத்துப் பழைய சாமான் வாங்கும் ஹபீபுல்லா வந்தால் கொடுக்கலாம். கிழிந்த சேலை கரித்துணியாயிற்று. கடைசியில் கூடையில் மிஞ்சியது ஒரு உடைந்த சீப்பும் கொஞ்சம் தூசியும். அதைப் பார்க்க அவளுக்கே வேடிக்கையாக இருந்தது.

லைனில் முதல் வீடு தாயம்மா வீடு. தாயம்மாவின் குரல்தான் லைனுக்குச் சங்கு. ஒரு வாரம் பார்த்துவிட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"இன்னாடி கெங்கா, உன் வூட்லேர்ந்து கூடையே வெளிய வர்ல? அடுப்பு எரியுதா, இல்ல புருசன் இல்லன்னு பட்டினி கெடக்கிறியா?"

"குப்ப இல்லக்கா."

"குப்ப இல்லாத வூடா? அது கோயில்ல கூட கீதுடி!"

லைன் முழுக்கச் சிரித்தது. கெங்கம்மாவும் சிரித்தாள். அவளுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தன் கூடை போகாவிட்டால் மேடு கொஞ்சமாவது தயங்கும் என்று. ஆனால் ஆனி பிறந்தும் மேடு வளர்ந்துகொண்டேதான் போயிற்று. நூல் நாளுக்கு நாள் குறுகி, இப்போது நடுத்தண்ணீரிலேயே அறுந்தது.

ஒரு நாள் காலையில் வண்டிக்காரர் அப்பாவுவை வழியிலேயே மறித்துக்கொண்டாள். வயசான ஒற்றை மாடு, வயசான வண்டி, இரண்டுக்கும் நடுவே வயசான அப்பாவு.

"நைனா, நான் குப்பையே போட்றதில்ல. அப்டியும் ஏன் இங்கயே கொட்ற?"

அப்பாவு பீடியை வாயிலிருந்து எடுத்தார். "நீ ஒருத்தி போடாங்காட்டி வண்டி காலியா பூடுமா? வண்டி எங்க ரொம்புதோ அங்க பக்கத்துல கீற பள்ளத்துல கொட்டணும். மேஸ்திரி ஆடர். கோயில் தெருலேர்ந்து வந்துகினே இருந்தா, கரெக்டா உங்க லைனாண்டதான் ரொம்புது. நான் இன்னா பண்ண?"

"எங்க லைன்ல ரொம்பலன்னா?"

"அப்ப போய்க்கினே இருப்பேன். வெள்ளிக்கெயம அப்டித்தான். உங்க லைன்ல ஒரு துரும்பு போட மாட்டாளுங்க. தொட்டி தொடச்சி வெச்ச மாறி கீது. அன்னிக்கு டோல்கேட்டாண்ட போய்த்தான் ரொம்பும். மாட்டுக்குத்தான் பேஜாரு." மாட்டின் முதுகைத் தட்டிவிட்டு நகர்ந்தார்.

கெங்கம்மா அங்கேயே நின்றாள். வெள்ளிக்கிழமை! வெள்ளிக்கிழமை வீட்டைப் பெருக்கிய குப்பையை வெளியே போட்டால் லட்சுமி கூடவே போய்விடுவாள் என்று தாயம்மா லைனையே கட்டி வைத்திருந்தாள். புதிதாகக் குடிவந்தவர்களைக்கூட அவள் அந்த விஷயத்தில் விட்டதில்லை. வாரத்தில் ஒரு நாள் லட்சுமிக்காகக் குட்டை பிழைத்துக்கொண்டிருந்தது. மற்ற நாளில் குட்டைக்கென்று யாரும் இல்லை.

அன்று சாயங்காலம் லோகநாதனின் வண்டி. கெங்கம்மா போய்த் தாயம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, ஒரு அஞ்சு நிமிசம் வந்துட்டுப் போ."

"எங்கடி?"

"குட்டையாண்ட."

"அந்தக் கலீஜுக்கா?" என்று முனகிக்கொண்டே தாயம்மா வந்தாள். முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு கல்லின் மேல் ஏறி நின்றாள். மேற்கே வானம் பழுத்த மாம்பழத் தோல்போல் இருந்தது. முதலில் மண் அதிர்ந்தது, பிறகு புகை, பிறகு வண்டி. ஒவ்வொரு பெட்டியாக, மேலும் கீழுமாக, இரண்டு ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நகர்வதுபோல் போயிற்று. கடைசிப் பெட்டியில் விளக்கு நீண்டது. மஞ்சள் நூல் தண்ணீரில் ஓடிவந்தது. ஓடிவந்து, மேட்டின் ஓரத்தில் செருகிக் கிடந்த ஒரு மண்சட்டியின் மேல் மோதி நின்றது. சட்டியின் ஈர விளிம்பு ஒரு கணம் தங்கம் பூசியதுபோல் மின்னி அணைந்தது.

தாயம்மா முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள்.

"அது இன்னா, உன் வூட்டுக்காரன் வெளக்கா?"

"ஆமாக்கா. முன்னாடி என் காலாண்ட வரும்."

தாயம்மா கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தாள். "அய்ய... அது என் சட்டிடி! வாய் ஒடஞ்ச கொழம்புச் சட்டி!" இன்னும் குனிந்து பார்த்தாள். பிறகு, அவள் குரலாகவே இல்லாத ஒரு சின்னக் குரலில், "உன் புருசன் வெளிச்சம் என் சட்டி மேல வந்து வுளுவுதா? நல்லாவா கீது அது?" என்றாள்.

கெங்கம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வெள்ளிக்கெயம நீ குப்பைய வுட மாட்டே. அன்னிக்கு குப்ப வண்டி இங்க நிக்கறதே இல்லியாம். எல்லா நாளும் வெள்ளிக்கெயமன்னு வெச்சிக்கலாம்க்கா."

"எல்லா நாளுமா? வூடு நாறிப் பூடும்டி."

"என் வூடு நாறுதா? வந்து பாரு."

தாயம்மா வந்து பார்த்தாள். முருங்கையடிக் குழியை மோந்துகூடப் பார்த்தாள். சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். "இதுக்கு ஹபீபுல்லா எம்மாம் பழம் குடுத்தான்?" என்று மட்டும் கேட்டாள். கெங்கம்மா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். ஒன்றை வாயில் போட்டுக் கொட்டையை உள்ளங்கையில் துப்பிக்கொண்ட தாயம்மா, பழக்கதோஷத்தில் வெளியே வீசப் போய், கையை இழுத்து, குழியில் போட்டாள்.

அதற்குப் பிறகு லைனில் நடந்ததெல்லாம் தாயம்மாவின் தொண்டை செய்த வேலை. "இன்னிக்கி செவ்வாக்கெயமதானே?" என்று யாராவது கூடையோடு வந்தால், "யார்டி சொன்னது? வெள்ளி! வெள்ளி! எட்து உள்ள வை" என்று விரட்டினாள். ராயபுரத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஆலிஸ், "எங்களுக்கும் வெள்ளிக்கிழமை ஒன்னு இருக்குதுக்கா, அன்னிக்குக் கவுச்சி கூடாது. எல்லா நாளும் வெள்ளின்னா எங்க வூட்டுக்காரரு என்னியக் கொன்னே போடுவாரு" என்றாள். "மீன் துன்னுடி, முள்ளத்தான் போடாதே" என்று தாயம்மா தீர்ப்புச் சொன்னாள். வீட்டுக்கு வீடு குழி வந்தது. ராமசுப்புவின் எருமை பளபளத்தது. சண்டையும் வந்தது. யாருடைய குழி யாருடைய சுவரோரம் என்று இரண்டு வீடு ஒரு மாதம் பேசாமல் இருந்தன.

ஆடிக் காற்றில் ஒரு நாள் அப்பாவு தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, தலையைச் சொறிந்தார்.

"இன்னாமா, உங்க லைன்ல யாருக்கும் பசிக்கறதே இல்லியா?"

வண்டி நிற்காமல் தெற்கே போயிற்று. மறுநாளும் அப்படியே.

பிறகு ஐப்பசி மழை. இரவும் பகலும் கொட்டியது. உலகமே ஒரு கூரைக்கு அடியில் உட்கார்ந்து ஒரே சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. மழைக்கு முன்பே லைன் பெண்கள் மேட்டில் மக்கியதையெல்லாம் கூடை கூடையாக வாரிக் குழிகளுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தாயம்மா தன் சட்டியைத் தானே போய் எடுத்து வந்து, அதில் பசலை வைத்திருந்தாள். மேடு அமுங்கிற்று. தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக, பழைய இடத்தை ஞாபகப்படுத்திக்கொள்வதுபோல், மேலே ஏறி வந்தது.

மழை விட்ட முதல் சாயங்காலம் கெங்கம்மா கல்லின் மேல் நின்றாள். கல்லைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. வண்டி வந்தது. விளக்கு நீண்டது. நூல் எங்கும் அறாமல், நின்று யோசிக்காமல், நேராக வந்து அவள் கால்விரலைத் தொட்டது. தண்ணீர் குளிர்ந்திருந்தது. வெளிச்சம் பட்ட இடம் மட்டும் சுட்டதுபோல் இருந்தது அவளுக்கு.

வண்டி மறைந்த பிறகும் அவள் நின்றாள். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. இங்கே நிற்காத குப்பை வண்டி எங்கே நிற்கிறது?

காலையில் அப்பாவுவிடம் கேட்டாள்.

"டோல்கேட்டாண்ட ஒரு பள்ளம்."

"பள்ளம்னா, தண்ணி கீற பள்ளமா?"

"தண்ணிதான். வாத்துகூட வரும். இப்போ வர்ல."

"அங்க வூடுங்க கீதா?"

"மன்சாளுங்க இல்லாமயா குப்ப வருது?"

கெங்கம்மா உள்ளே போனாள். முருங்கையடிக் குழியில் தானாக முளைத்துப் படர்ந்த கொடியில் காய்த்த பூசணி ஒன்றை அறுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். வாசலில் தாயம்மா மறித்தாள்.

"எங்கடி பொறப்பட்ட?"

"டோல்கேட்டு."

தாயம்மாவுக்குப் புரிந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "ஊர்ல கீற குட்டைக்கெல்லாம் நீதான் மருமவளா?"

"தெரியலக்கா. அங்கயும் ஒருத்தி நின்னுகினு இருந்தா?"

தாயம்மா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள். செருப்பைத் தேடினாள்.

பாதி நிறைந்த வண்டி முன்னால் ஆடி ஆடிப் போயிற்று. மாட்டின் கழுத்து மணி மழை கழுவிய காற்றில் தெளிவாகக் கேட்டது. பின்னால் இரண்டு பெண்கள், ஒருத்தி இடுப்பில் பூசணிக்காய். இன்றைக்குப் புதன்கிழமை என்பதை அங்கே போய் எப்படி வெள்ளிக்கிழமை ஆக்குவது என்று தாயம்மா சத்தமாக யோசித்துக்கொண்டு வந்தாள். கெங்கம்மாவின் காதில் அது விழவில்லை. முகம் தெரியாத யாரோ ஒருத்தியின் காலடியை நோக்கி, முகம் தெரியாத ஏதோ ஒரு வெளிச்சம் பாதித் தண்ணீரில் நின்றுகொண்டிருப்பதை அவள் பார்த்துக்கொண்டே நடந்தாள்.