கைராசிக்காரரின் உலோகம்

என் மாமாவுக்கு வீட்டில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாது. லேபில் மட்டும் அவர் கைராசிக்காரராம். அவர் கையெழுத்து போட்டால்தான் எனக்கு டாக்டர் பட்டம் என்பதால், அங்கே அவரை "சார்" என்று கூப்பிட்டுத் தொலைக்கிறேன்.

பெரோவ்ஸ்கைட் என்ற படிக வகையைச் சேர்ந்த ஆக்சைடுத் துணுக்கு ஒன்றை இரண்டு வைரங்களுக்கு நடுவே வைத்து நசுக்குவதுதான் எங்கள் பிழைப்பு. சாதாரணமாக அதில் மின்சாரம் ஓடாது. அழுத்தம் ஏற ஏற அணுக்கள் நெருங்கி, எலக்ட்ரான்களுக்கு வழி கிடைத்து, அது உலோகம் போல ஆகலாம். அப்படி ஆனால் எங்கள் துணுக்கின் காந்தக் குணமும் கூடவே மாறியாக வேண்டும்.

இந்த முறை, மின்தடையை அளக்கும் தங்கக் கம்பிகளைத் துணுக்கின் மேல் மாமாவே வைத்தார். "நீ தொடாத, உன் கை நடுங்கும்" என்றார். மயிரிழை விலகினாலும் கம்பி, துணுக்கைச் சுற்றியுள்ள உலோக வளையத்தில் பட்டு, மின்சாரம் துணுக்கை விட்டுவிட்டு வளையம் வழியாக ஓடிவிடும். அழுத்தினோம். மின்தடை சடாரென்று விழுந்தது. காந்தக் குணமோ இம்மியும் அசையவில்லை.

"சார், கம்பி வளையத்துல பட்டிருக்கும். அழுத்தத்த இறக்கிப் பாக்கலாம். நிஜமாவே மாறியிருந்தா மின்தடை திரும்ப ஏறும்."

"பொறாமையா உனக்கு?" என்றவர், துறையிலிருந்த பெரிய தலைகளையெல்லாம் கூட்டிவந்து பெருமை அளக்க ஆரம்பித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர்கள் முன்னாலேயே வைரங்களை அழுத்தும் திருகுகளைத் தளர்த்தினேன். மின்தடை விழுந்த இடத்திலேயே கிடந்தது.

மாமா ஒரு நொடிதான் முழித்தார். "பாத்தீங்களா! அழுத்தத்த எடுத்தும் உலோகமாவே இருக்கு! இது அதவிடப் பெரிசு!"

அந்த மண்டூகங்கள் கைதட்டின.

"எங்க அக்கா பொண்ணு! கட்டுரையில இவ பேருதான் முதல்ல" என்று என் தோளைத் தட்டினார்.

பேசாமல் பல்லிளித்திருந்தால் பட்டம் கைக்கு வந்திருக்கும். எனக்கு அருவருப்பாக இருந்தது. துணுக்கை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பெரிய திரையைப் போட்டேன். கம்பி வளையத்தின் மேல் சாவகாசமாகப் படுத்திருந்தது.

கைதட்டல் நின்றது. மாமா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வந்தவர்கள் பக்கம் திரும்பினார்.

"கம்பி வைக்கும்போது உன் கை நடுங்குதும்மான்னு எத்தன தடவ சொன்னேன். சொந்தக்காரப் பொண்ணாச்சேன்னு விட்டது என் தப்பு."

எல்லோரும் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். என் பெயர்தான் முதலில் என்றாரே, அந்த ஒரு சொல்லை மட்டும் காப்பாற்றிவிட்டார்.