கொடியில் கிடக்கும் துணி

கீழவாஞ்சூர் சாலையோரம் நிலக்கரி லாரிகள் நிற்கும் யார்டின் சுவரில் தேவிகா வரைந்த 'வருங்காலக் காரைக்கால்' கரித்தூசி படிந்து இரண்டாவது முறையாகக் கறுத்துப்போயிருந்தது. முதல் தடவை வரைந்தபோது அவளுக்கு உற்சாகம் கரைபுரண்டது. நீலக் கடல், வேப்பமரங்கள், சைக்கிளில் போகும் பெண்கள். அடுத்த தடவை தெம்பு மட்டும் இருந்தது. இப்போது அதுவும் இல்லை. கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வரும்போதே தோள்பட்டை வலிக்கத் தொடங்கியிருந்தது. போட்டிருந்த மஞ்சள் சுடிதார் வந்த அரைமணியில் அழுக்காகிவிட்டது.

வராத ஊரை எத்தனை தடவைதான் வரைவது? கடவுளே உலகத்தை ஒரு தடவைதான் படைத்தார். அவருக்குச் சூப்பர்வைசரும் கிடையாது.

இவளுடைய சூப்பர்வைசர் ஹரிஹரன் நல்ல மனிதர்தான், யோசனை சொல்லாதவரைக்கும். அன்றைக்கு ஒரு யோசனையோடு வந்தார்.

"இந்தத் தடவ ராத்திரி நேரமா வரைஞ்சிருங்கம்மா. கறுப்பு வானம், கறுப்புக் கடல். தூசி படிஞ்சா யாருக்குத் தெரியப்போவுது? திங்கக்கெழம பெரிய ஆபீசருங்க பாக்க வர்றாங்க."

தேவிகாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வெட்கமாக இருந்தது, யோசனை அவளுக்குப் பிடித்துவிட்டதே! ஒரு தடவை பூசினால் போதும், மறுபடி வரவேண்டாம். "சரிங்க சார்" என்றாள்.

கறுப்புப் பெயின்ட் மளமளவென்று ஏறியது. மத்தியானத்துக்குள் கடல் போயிற்று, மரங்கள் போயின. ஓரத்துச் சின்ன வீட்டுக்கு வந்தபோது கை நின்றது. வீட்டு முன்னால் ஒரு கொடி, அதில் மூன்று வெள்ளைச் சேலைகள். இடம் காலியாக இருக்கிறதே என்று போகிறபோக்கில் வரைந்தது. சுவரே கரியாகக் கிடக்க, அந்தச் சேலைகள் மட்டும் பளிச்சென்று இருந்தன.

"தெனம் நான்தான் தொடைக்கிறேன்" என்று பின்னால் ஒரு குரல். எதிர்வீட்டுத் தையல்நாயகி, கையில் வாளியும் ஈரத்துணியுமாக நின்றாள். "லாரி வர ஆரம்பிச்சதுலேர்ந்து நாங்க வெளியில துணி காயப்போடுறதில்ல. எல்லாம் உள்ளதான், ஃபேனுக்கு அடியில. ஈர வாடையே போவமாட்டேங்குது. இது ஒண்ணுதாம்மா வெயில்ல காயுது. இதயும் அழிச்சிருவீங்களா?"

"அப்படித்தாங்கா சொல்லிருக்காங்க."

தையல்நாயகி அழியப்போகிற சேலைகளை வழக்கம்போல் நன்றாகத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போனாள்.

தேவிகா பிரஷ்ஷைக் கீழே வைத்தாள். தன் படத்தில் யாரோ குடியிருக்கிறார்கள் என்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே! கூடவே எரிச்சலும் வந்தது. ஒரு வேலையை முடித்துவிட்டு நிம்மதியாகப் போக விடுகிறார்களா? அவள் கறுப்பு டப்பாவை மூடினாள்.

சாயங்காலம் ஹரிஹரன் வந்து பார்த்தார். சுவர் முழுக்க ராத்திரி, அந்த வீட்டில் மட்டும் பட்டப்பகல்.

"என்னம்மா இது? ராத்திரியில எவ துணி காயப்போடுவா?"

"காஞ்சாத்தானே சார் எடுக்க முடியும்."

"நாளைக்கே தூசி படிஞ்சிரும்."

"தொடைக்க ஆள் இருக்கு."

அடுத்த வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் போனார். தேவிகா பிரஷ்ஷைக் கழுவினாள். தோள் விண்விண்ணென்று தெறித்தது. பேச்சுச் சத்தம் கேட்டு வெளியே வந்த தையல்நாயகி சுவரருகே வந்து கொடியை உற்றுப் பார்த்தாள்.

"சேலைக்குப் பக்கத்துல மஞ்சச் சுடிதார் ஒண்ணு கெடக்கே?"

"அது என்னோடதுக்கா" என்றாள் தேவிகா.