கொஷீன்யா வைக்கும் பந்தயம்

ஜுவெனால் வங்கி வேலையை விட்டுவிட்டு, இணையத்தில் போக்கர் ஆடியே பிழைக்கப் போவதாக அறிவித்தபோது, அவனுடைய மாமியார் டோனா ஸெனாய்டி ஒரு வாரம் கறுப்பு உடையில் திரிந்தார். வீட்டில் யார் போய்விட்டார்கள் என்று தேவாலயப் பூசையில் விசாரித்தவர்களிடம், மருமகனுடைய புத்தி போய்விட்டது, அதற்காகப் பிரார்த்தியுங்கள் என்றார். ஆனாலும் குரிட்டிபா நகரத்துக் குளிரில் மகளை வாடகை வீடு தேடி அலையவிட மனம் வராமல், தன் வீட்டு மாடியையே அவர்களுக்குக் கொடுத்தார்.

ஜுவெனால் மோசமான ஆட்டக்காரன் இல்லை. அவனுக்குச் சனி பிடிப்பதெல்லாம் ரிவரில்தான். மேசையில் ஐந்தாவதாக, கடைசியாகத் திறக்கும் சீட்டுக்கு அப்படிப் பெயர். அதற்கு மேல் புதுச் சீட்டு வராது, வாய்தா கிடையாது. அந்த நேரம் பார்த்து எதிராளி மலைபோல் ஒரு பந்தயத்தைக் கொண்டுவந்து வைத்தால், ஒன்று, ஈடு கட்டிச் சீட்டைக் காட்டச் சொல்ல வேண்டும்; இல்லாவிட்டால் வாலைச் சுருட்டிக்கொண்டு விலக வேண்டும். ஜுவெனாலின் வால் சுருட்டுவதற்கென்றே படைக்கப்பட்டது. அவ்வளவு பெரிதாக வைக்கிறான் என்றால் கையில் சரக்கு இருக்கிறது என்பது அவனுடைய வேதம். சின்ன ஆட்டங்களில் பெரும்பாலும் அது உண்மையும்கூட.

ஒரு ஆள் மட்டும் அந்த வேதத்துக்குள் அடங்காமல் அவனை அரித்துக்கொண்டிருந்தது. கொஷீன்யா என்ற பெயர். கோழிக்கறி அடைத்துப் பொரிக்கும் பலகாரத்தின் பெயரை எவனாவது வைத்துக்கொள்வானா? படத்துக்குப் பதில் ஒரு பூனை. ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் அவன் மேசையில் வந்து உட்காரும், ரிவரில் இருப்பதையெல்லாம் தூக்கி வைக்கும், ஜுவெனால் விலகுவான், உடனே திரையில் ஒரு சிரிப்பு முகம் தோன்றும். அந்த ஆளைப் பற்றி அவன் ஆழ்ந்த ஆராய்ச்சி செய்திருந்தான். சாவோ பாவ்லோ பணக்கார வீட்டுப் பிள்ளை, மீசை முளைக்காதவன், கணிதத்தில் புலி. இதையெல்லாம் மனைவி மார்லியிடம் விளக்கியபோது அவள் நகத்துக்குச் சாயம் பூசியபடியே, இருக்கும் இருக்கும் என்றாள்.

ஒரு ஞாயிறு மதியம், வெளியே தூறல். போட்டியில் இடைவேளை விட்டார்கள். கீழேயிருந்து பைன் கொட்டை வேகிற வாசனை வந்தது. இரண்டு கொட்டை உரித்துத் தின்னலாம் என்று ஜுவெனால் இறங்கிப் போனான். சமையலறையில் யாரும் இல்லை. மேசைமேல் உப்பு ஜாடியில் சாய்த்து வைத்திருந்த பலகைக் கணினியில், அவன் சற்று முன் விட்டு வந்த அதே பச்சை மேசை. எதிர் இருக்கையில் அவன் பெயர். இந்தப் பக்கம் பூனைப் படம். படத்தில் இருந்த அதே பூனை, வீட்டுப் பூனை, குளிர்பதனப் பெட்டியின் மேல் படுத்து அவனைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

கொல்லையிலிருந்து எரிவாயு உருளையை மாற்றிவிட்டுக் கையைத் துடைத்தபடி டோனா ஸெனாய்டி வந்தார். கொஞ்சமும் அதிரவில்லை.

"இன்னும் வேகல."

"அத்தை, கொஷீன்யா நீங்களா?"

"பின்ன, பூனையா ஆடுது?"

வங்கியை உதறிவிட்டுப் போகிற அளவுக்கு அப்படி என்னதான் வேலை என்று பார்க்கத்தான் கற்றுக்கொண்டாராம். அவன் என்ன பெயரில் ஆடுகிறான் என்பதை மார்லியே சொன்னாளாம். ஜுவெனாலுக்கு மார்லி நகம் பூசிய காட்சி நினைவுக்கு வந்து காது சுட்டது. அந்தப் பெரிய பந்தயங்களின்போது கையில் என்ன இருந்தது என்று மென்று முழுங்கிக் கேட்டான்.

"வெறுங்கை மாப்ள. மத்தவங்ககிட்ட அப்படி ஆட எனக்கே பயம். ஒனக்கு எதுக்குச் சீட்டு? மெரட்டுனா ஓடிடுற."

ஒரே குடும்பம் ஒரே மேசையில் உட்காருவது சரியா என்று அவன் இழுத்தான். அவர் அடுப்பைத் தணித்தார்.

"என் கையில என்னன்னு நீ கேக்காத. ஒன் கையில என்னன்னு நானும் கேக்கல. மேல போ, மணி அடிக்கப் போறான்."

மேலே வந்து உட்கார்ந்தவனுக்கு மூச்சு சீராவதற்குள் அந்த ஆட்டம் வந்தது. அவனிடம் ஒரு சோப்ளாங்கி ஒன்பது ஜோடி. மேசையில் ராஜா கிடந்தது. மூன்று ஹார்ட்டின்கள் சிவந்து கிடந்தன. எதிராளி கையில் ஒரு ராஜாவோ, ஐந்தாக்க இன்னும் இரண்டு ஹார்ட்டினோ இருந்தால் அவன் காலி. ரிவர் திறந்தது, உதவாத ஒரு இரண்டு. பூனை இருப்பதையெல்லாம் நடுவில் தள்ளியது.

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. வெறுங்கை என்று இப்போதுதான் வாயால் சொன்னார். அப்படியென்றால் இந்த முறை சரக்கோடு வருவார். இல்லை, நான் இப்படி யோசிப்பேன் என்று தெரிந்து வெறுங்கையோடுதான் வருவார். மார்லியைத் திரும்பிப் பார்த்தான். "என் அம்மா, என் புருஷன். என்ன ஏன் இழுக்குற?" என்று அவள் ஜன்னல் பக்கம் போய்விட்டாள்.

படித்து வைத்த கணக்கெல்லாம் ஆவியாகிவிட்டது. அவனுக்கு அந்த மனுஷியைத்தான் நினைக்க முடிந்தது. பாதிரியாரிடம் இதயக் கோளாறு என்று சொல்லி முன்வரிசையில் இடம் பிடித்தவர். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் இதுதான் எனக்குக் கடைசி என்று சொல்லிப் பெரிய துண்டு வான்கோழியை வாங்கிக்கொள்பவர். கையில் நிஜமாகவே ஏதாவது இருக்கும்போது அவர் சத்தம் போட்டதே இல்லை. வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஜுவெனால் கண்ணை மூடிக்கொண்டு ஈடு கட்டினான்.

ஒரு ராணி, ஒரு ஏழு. வெறுங்கை.

படிக்கட்டு அதிர்ந்தது. இதயக் கோளாறுக்காரர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்து கதவில் நின்றார்.

"ஒம்போது ஜோடிய வச்சுக்கிட்டு எவனாவது ஈடு கட்டுவானா? மூணு ஹார்ட்டின் கண்ணுல படலியா? இதுக்குத்தான் வங்கிய விட்டியா?"

ஜெயித்தவனுக்கு அன்று சோறு வரவில்லை. மார்லி பிஸ்கட் கொடுத்தாள். அவளோடு அவனும் பேசவில்லை.

வெற்றி தலைக்கேறியதுதான் அடுத்த கூத்து. பிறகு வந்த ஞாயிறுகளில் ரிவரில் யார் பெரிதாக வைத்தாலும் ஜுவெனால் மார்பை நிமிர்த்தி ஈடு கட்டினான். ரெசிஃபிக்காரனிடம் ஐந்து ஹார்ட்டின்கள் இருந்தன. போர்ட்டோ அலெக்ரிக்காரியிடம் மூன்று ராஜாக்கள். எல்லோரும் பச்சைக் குழந்தைகள்போலக் கையில் இருந்ததையே சொல்லியிருந்தார்கள். சேர்த்ததெல்லாம் கரைந்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது, ஊரில் இருக்கிற எல்லோரும் அவனுக்கு மாமியார் இல்லை என்று. மறுபடியும் வாலைச் சுருட்டக் கற்றுக்கொண்டான், ஒரே ஒரு பூனையிடம் தவிர.

அந்தப் பூனையும் வசந்தம் வந்ததும் ஒரு நாள் மொத்தத்தையும் நடுவில் தள்ளியது. ஜுவெனால் நகைத்துக்கொண்டே ஈடு கட்டினான். நான்கு எட்டுகள், அசல் சரக்கு.

கீழே சத்தமே இல்லை. அரைமணி கழித்து டோனா ஸெனாய்டியே மாடிக்கு வந்து, கறுப்பு பீன்ஸும் இறைச்சியும் குவித்த தட்டை அவன் முன் வைத்துவிட்டு இறங்கிப் போனார்.