மூன்றாம் பகுதியில் உறங்கியவர்

எங்கள் அப்பாவுக்கு மார்த்தாண்டத்தில் பெயின்ட் கடை. பெயர் சுந்தர்சிங். ஆனால் ஊரில் அவரைச் செயலாளர் என்றுதான் சொல்வார்கள், ஏனென்றால் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அவர்தான் வெகுகாலமாகச் செயலாளர். பிளஸ் டூ முடித்ததும் சென்னையில் ஓவியக் கல்லூரியில் சேரப்போகிறேன் என்று நான் சொன்னபோது அவர் கையில் ஒரு பெயின்ட் வாளி இருந்தது. அதைக் கீழே வைக்காமலே கேட்டார்.

"பெயின்ட வித்துத்தானே ஏட்டி நாம சோறு தின்னுதோம்? அதப் படிக்கதுக்கு மெட்ராஸ் வரைக்கும் எதுக்குப் போணும்?"

ஓவியம் வேறு, பெயின்ட் வேறு என்றேன். படித்துவிட்டுப் பிள்ளைகளின் புத்தகங்களுக்குப் படம் போடலாம், அனிமேஷன் கம்பெனியில் சேரலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஷிபா குவைத்துல நர்சா இருக்கா," என்றார். எங்கள் வீட்டில் எந்தப் பேச்சும் பெரியப்பா மகள் ஷிபாவிடம் போய்த்தான் முடியும். எனக்கும் ஒரு நர்சிங் சீட்டைப் பேசி வைத்திருந்தார். ஊசியைப் பார்த்தாலே எனக்குத் தலைசுற்றும் என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

நான் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். அம்மா அப்பாவோடு பேசாமல் கிடந்தாள். அப்புறம்தான் அப்பா ஒரு நிபந்தனைக்கு இறங்கி வந்தார். ஞாயிறு பள்ளிச் சுவரில் நான் வரைந்த ஆபேலை, அவனைக் கொன்ற அண்ணன் காயீன் என்று ஊரே நினைத்துக்கொண்டது அவர் மனதில் முள்ளாகக் கிடந்திருக்கிறது.

"நம்ம சபை ஆளுவள வரைஞ்சு காட்டு. பாத்த ஒடனே யாருண்ணு எனக்குத் தெரியணும். ஒரே ஒரு படத்தப் பாத்து 'இது யாரு'ண்ணு நான் கேட்டுட்டேண்ணா நர்சிங். கேட்டியா?"

கேட்டேன். ஆனால் எங்கள் ஊரில் ஒரு மனிதரை வரைவது லேசுப்பட்ட காரியமில்லை. பென்சிலை எடுத்ததுமே ஓடிப்போய் முகத்தைக் கழுவி, பவுடர் போட்டு, கல்யாண ஃபிளெக்ஸில் நிற்கிற மாதிரி விறைப்பாக வந்து நிற்பார்கள். டெனிஷ் மாமா கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். சுபிதா அக்கா பக்கத்து வீட்டு நெக்லஸையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தாள். வரைந்து பார்த்தால் அது சுபிதா அக்காவாக இல்லை, நெக்லஸாகத்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு எங்கள் சபைக் கோவில் ஞாபகம் வந்தது. எங்கள் போதகரின் பிரசங்கத்துக்கு எப்போதும் மூன்று பகுதி. முதல் பகுதியில் பிள்ளைகள் உறங்குவார்கள். இரண்டாம் பகுதியில் பெரியவர்கள். உறங்குகிறவர்கள் அசையமாட்டார்கள், பவுடர் போடமாட்டார்கள். ஒரு பரீட்சை அட்டையில் தாள்களைக் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் ஓரமாக உட்கார்ந்தேன். டெனிஷ் மாமா நெஞ்சில் தாடையைப் புதைத்து உறங்கினார். சுபிதா அக்கா பாட்டுப் புத்தகத்தை விரித்து வைத்தபடியே உறங்கினாள், நெக்லஸ் இல்லாமல் அவள் எவ்வளவு அழகு! வாலிபன் ஜெரிஷ், தன் பக்கத்திலிருந்தவர் தோளிலேயே வீடு கட்டிக் குடியிருந்தான். நான் சந்தோஷத்தில் அழாத குறை.

இதில் ஒரு தொல்லை இருந்தது. உறங்குகிறவர்களுக்கு முதல் எதிரி அப்பாதான். பலிபீடத்துக்குப் பக்கத்தில், சபையைப் பார்த்தபடி கிடக்கிற செயலாளர் நாற்காலியிலிருந்து இரண்டாம் பகுதி முடியும்போது எழுந்து வருவார். பெஞ்சு பெஞ்சாக நடந்து, உறங்குகிற ஆண்களின் தோளில் தட்டுவார். பெண்கள் பக்கம் வந்தால் செருமுவார். அதற்குள் நான் வரைந்து முடித்துவிட வேண்டும்.

இன்னொரு தொல்லை போதகரால் வந்தது. அவர் மேடையிலிருந்து பார்க்க, நான் ஒருத்திதான் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தேன். ஒரு ஞாயிறு பிரசங்கத்தை முடித்துவிட்டு அவர் சொன்னார்: "நம்ம செயலாளருக்க மக ரெஜிலா வாரந்தோறும் தேவசெய்திய ஒரு வார்த்த விடாம குறிப்பெடுக்குதா. மோளே, இங்க வா. இந்த மாசத்து செய்திய எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டு."

அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பூரித்துப் போனார். நான் அட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்தேன். என்ன வாசிப்பது? டெனிஷ் மாமாவின் தாடையையா? முன்னால் போனேன். பாடகர் குழுவுக்காக வைத்திருந்த பெடஸ்டல் ஃபேனுக்கு முன்னால் போனதும் கை வியர்த்து, கிளிப் வழுக்கி, அத்தனை தாளும் கோவிலெங்கும் பறந்தன.

பறந்த தாள்களை ஆளுக்கொன்றாகப் பிடித்தார்கள். கையில் கிடைத்த படத்தைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் சிரிக்க, கோவிலே சிரிப்பில் குலுங்கியது. அப்பாவுக்கு வந்த கோபத்தில் மூச்சு இரைத்தது. ஒவ்வொருவர் கையிலிருந்தும் தாளைப் பிடுங்கி, உரியவர்களிடம் எறிய ஆரம்பித்தார்.

"டெனிஷே, இந்தா ஒனக்க லெச்சணம்! சுபிதா, இது நீ. ஏலே ஜெரிஷே, ஒறங்குததுக்கு ஒனக்கு வேற எடம் கெடைக்கல்லியா?"

ஒருவரைக்கூட அவர் யார் என்று கேட்கவில்லை. பார்த்ததும் சொன்னார், பார்த்ததும் எறிந்தார். எனக்குப் பயம் போய், உள்ளுக்குள் ஒரு ஆனந்தம் பொங்கியது. அம்மா பெண்கள் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டினாள். சென்னை, சென்னை என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

கடைசித் தாள் பெனின் தாத்தாவின் கையில் இருந்தது. அவர் அதைக் கொடுக்க மனமில்லாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அப்பா பிடுங்கிப் பார்த்தார். வாயை அகலத் திறந்து, தலையைப் பின்னால் சாய்த்து, சொர்க்கத்தையே கண்டதுபோல உறங்குகிற ஒரு மனிதர். அப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு?"

அவ்வளவுதான், என் உயிரே போய்விட்டது. கோவிலில் எல்லாரும் கூரையைப் பார்த்தார்கள். அது அப்பாதான். எல்லாரையும் தட்டி எழுப்பிவிட்டு நாற்காலிக்குத் திரும்பியதும், மூன்றாம் பகுதியில் அவர் அப்படித்தான் உறங்குவார். சபையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் சபைக்கே தெரியும். முதுகைக் காட்டி நிற்கிற போதகருக்கும் உறங்குகிற அப்பாவுக்கும் மட்டும் தெரியாது.

"நீங்கதான்," என்றாள் அம்மா.

"நானா? நான் கோவில்ல ஒறங்குவேனா? இது நான் இல்ல. யாருண்ணு தெரியல்ல. அப்போ நர்சிங்தான்."

அந்த வாரம் எங்கள் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. அப்பா படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று வாயைத் திறப்பார், கண்ணை மூடுவார். மூடினால் ஒன்றும் தெரியவில்லை என்று திறப்பார். கடையில் ஆளில்லாத நேரம் செல்ஃபி எடுத்துப் பார்த்தார். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உறங்கியவரை அம்மா போனில் படமெடுத்து, அவர் தலையணைக்கு மேல் போனை வைத்துவிட்டுப் போனாள். எழுந்து பார்த்தார். அன்று சாயங்காலம் அவர் டீ குடிக்கவில்லை. கல்லூரிக்கு விண்ணப்பிக்கத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். நான் நர்சிங் உடுப்பில் என்னை நினைத்துப் பார்த்து அழுதேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகர் விடவில்லை. தன் பிரசங்கத்தில் இத்தனை பேர் உறங்கிய வருத்தம் அவருக்கு. ஒன்றும் தெரியாதவர்போலக் கேட்டார்.

"செயலாளரே, எல்லாரும் ஒத்துக்கிட்டாச்சு. அந்த ஒரு படத்துல இருக்கதுதான் யாருண்ணு தெரியல்ல. ஒமக்குத் தெரியுமா?"

அப்பா எழுந்தார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். என்னை ஒருமுறை பார்த்தார். எனக்கு அப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. சென்னையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

"அது நாந்தான் பாஸ்டரே. அச்சு அசலா நாந்தான். ஆனா ஒறங்கல்ல. கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்."

"வாயத் தொறந்துட்டா?"

"ஸ்தோத்திரம் சொல்லிட்டு இருந்தேன்."

"அப்போ நானும் ஜெபந்தான்!" என்று எழுந்தார் டெனிஷ் மாமா. "நானும்!" என்றான் ஜெரிஷ். ஆண்கள் பக்கம் முழுக்க ஜெபவீரர்கள் கிளம்பிவிட்டார்கள். போதகரே சிரித்துவிட்டார்.

வீட்டுக்குப் போகும்போது அப்பா ஸ்கூட்டரை மெதுவாக ஓட்டினார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பாலம் இறங்கியதும் சொன்னார்.

"மக்கா, நாளைக்குக் காலத்தயே அப்ளிகேஷன் போட்டுரு. மெட்ராஸ்ல சேருகதுக்குள்ள பரீட்சைக்கு நானும் கூட வாறேன். ராத்திரி வண்டி."

"சரிப்பா," என்றேன்.

"ஆனா ஒண்ணு. நாகர்கோவில் தாண்டினா நான் ஒறங்கிருவேன். நீ பென்சிலத் தொடப்பிடாது."