பொரோகாவின் எடை

நான்கு வயது பொரோகாவை அரசாங்கத்தால் தூக்க முடியவில்லை. திஸா ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊரில், அந்த வருஷம் சூரியகாந்தி விளைச்சல் குறைந்ததைச் சொல்கிற அதே குரலில்தான் இதையும் சொல்வார்கள்.

குழந்தையை அநாதை இல்லத்திலிருந்து கொண்டுவந்தவன் வெண்டல். டிராக்டர்களையும் சோள மூட்டைகளையும் கம்பிவடப் படகில் அக்கரை சேர்ப்பது அவன் வேலை. அவனோடு ஒரே வீட்டில் பல வருஷங்களாக வாழ்ந்தவன் பர்னபாஷ், பல்செட் செய்கிறவன். பல் வேண்டியிருந்தவரை ஊரார் அவர்கள் இருவரைப் பற்றியும் பேசவில்லை. பல்லைக் கட்டிக்கொண்ட பிறகு பேசினார்கள். இரண்டு ஆண்களைப் பெற்றோராக ஏற்கச் சட்டத்தில் இடமில்லை, தனி ஆளுக்கு இருந்தது. ஆகவே வெண்டல் மட்டும் கையெழுத்துப் போட்டான். பொரோகாவைப் பார்க்க வந்த தம்பதிகளில் சிலருக்கு அவளுடைய ரோமா நாடோடி இனத்துக் கருநிறம் பிடிக்கவில்லை, சிலருக்கு வளைந்த இடது பாதம். ஒரு பெண்மணி காபியைக் குடித்து முடித்துவிட்டு, கொஞ்சம் வெளுப்பாக வேறு ஏதாவது இருக்கிறதா என்று துணிக்கடையில் கேட்பதுபோலக் கேட்டாள். இப்படி எல்லோரும் வேண்டாமென்ற பிறகுதான் குழந்தைநல அதிகாரி எடெல்கா அவளை வெண்டலிடம் கொடுத்தாள், கொஞ்ச காலம் வைத்திருந்து பார்க்கட்டும் என்று.

இரண்டு வருஷம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பாதத்துக்கு வைத்தியம் நடந்தது, பேச்சு வந்தது, பிளம் ஜாம் என்றால் உயிரானது. பிறகு தலைநகரில் விதியை இறுக்கினார்கள், ஊரில் யாரோ மொட்டைக் கடிதம் போட்டார்கள், எடெல்கா வந்து பர்னபாஷின் எதிரே உட்கார்ந்தாள்.

“நீங்க இங்க இருக்கறது குழந்தைக்கு நல்லதில்ல சார். வேற எடம் பாத்துக்கங்க. புள்ள இங்கயே இருக்கட்டும்.”

“அந்த இல்லத்துல செவுத்தப் பாத்துக்கிட்டே கெடந்தாளே, அப்ப எங்கம்மா போச்சு இந்த நல்லது?”

அதெல்லாம் தன் கையில் இல்லை என்றாள் எடெல்கா.

பர்னபாஷ் போனான். குழந்தைக்காகப் போகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அக்கரையில் மருந்துக்கடை மாடியில் அறை எடுத்தான். அன்று அவன் செய்த பல்செட்டுகள் எல்லாம் இறுகக் கடித்த நிலையிலேயே வார்ப்பிலிருந்து வெளிவந்தன. எந்தக் கருவியாலும் அவற்றைத் திறக்க முடியவில்லை.

அன்று மாலை வெண்டல் பொரோகாவை நாற்காலியிலிருந்து தூக்கப் போனான், முடியவில்லை. படகை இழுத்து உரமேறிய கைகள் அவை. குழந்தை தானாக இறங்கி ஓடினாள், குதித்தாள், தரைக்கு ஒன்றும் ஆகவில்லை. தூக்கினால் மட்டும் மாதா கோவில் மணியைப்போலக் கனத்தாள். மறுநாள் முதல் படகிலேயே வெண்டல் சேதி அனுப்பினான். பர்னபாஷ் நனைந்த செருப்போடு வந்து ஒரே கையால் அவளை அள்ளினான். அப்போதுதான் சுட்ட ரொட்டியின் எடைதான் இருந்தது. அவள் ஜாம் வாயை அவன் காலரில் துடைத்தாள்.

“எங்க போன?”

“வேலைக்கு.”

“போவாத.”

அவன் போகவில்லை. அவனிடமிருந்து வெண்டல் வாங்கியபோது அவனுக்கும் அவள் லேசாகவே இருந்தாள். பர்னபாஷுக்கு முதலில் வந்தது சந்தோஷமல்ல, கோபம். யாரோ ஒருத்தி சொன்னாள் என்று, பெற்ற பிள்ளையாக நினைத்தவளை விட்டு ஆற்றைக் கடந்தோமே என்று தன்மேலேயே கோபம். அதன் பிறகு அந்தக் கோபம் போய்ச் சேரவேண்டிய இடத்தைப் பார்த்துக் காத்திருந்தது.

அந்த வாரமே எடெல்கா காரோடும் போலீஸ்காரரோடும் வந்தாள். நடந்து வரச் சொன்னார்கள், பொரோகா உட்கார்ந்துகொண்டாள். போலீஸ்காரர் தூக்கப் பார்த்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். தீயணைப்புக்காரர்கள் பட்டை கட்டி இழுத்தார்கள், பட்டை அறுந்தது. சர்க்கரை ஆலையிலிருந்து வந்த கிரேனின் கொக்கி சூடான மெழுகுபோல நீண்டு தொங்கியது. பொரோகா மக்காச்சோளத்தைக் கொறித்தபடி வேடிக்கை பார்த்தாள். கடைசியில் எடெல்கா வெண்டலைப் பார்த்து, நீயே தூக்கிக் காரில் வை, இல்லாவிட்டால் ஜெயில்தான் என்றாள். அவன் வாயைத் திறக்குமுன் பர்னபாஷ் நடுவில் வந்து நின்றான். குரலை உயர்த்தவில்லை.

“கால் வளைஞ்சிருக்குன்னப்ப இவ உங்களுக்கு வேணாம். கருப்பா இருக்கான்னப்ப வேணாம். எங்க ரெண்டு பேர் கையில ஏறுனதும் வேணுமாக்கும்? தூக்குங்களேன். ஒங்க சட்டம் அவ்ளோ பெருசுன்னா, அதக் கொண்டாந்து தூக்குங்க.”

முற்றத்தில் கூடியிருந்த ஊரார் அவன் செய்துகொடுத்த பற்களை மூடிக்கொண்டு நின்றார்கள். ஆதரவாக ஒருவரும் பேசவில்லை. அதை அவன் இன்றுவரை மன்னிக்கவில்லை.

சட்டமும் மாறவில்லை, யாரும் வருத்தமும் தெரிவிக்கவில்லை. எடையின் காரணமாகக் குழந்தையை இடம் மாற்றுவது தற்காலிகமாக நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது என்று அலுவலகம் எழுதிக்கொண்டது. அந்தத் தற்காலிகம் இன்னும் முடியவில்லை. எடெல்கா ஓய்வு பெற்றுவிட்டாள். பொரோகா இப்போது பள்ளியில் பின்னங்களோடு மல்லுக்கட்டுகிறாள். வருஷம் தவறாமல் வசந்தத்தில் புதிய அதிகாரி ஒருவர் வருகிறார், கோட்டைக் கழற்றி மாட்டுகிறார், அவளுடைய அக்குளில் கையைக் கொடுத்து ஒரு தடவை முயன்று பார்க்கிறார். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை. வெண்டல் மரியாதைக்குக் காபி போட எழுந்தால் பர்னபாஷ் விடுவதில்லை.

“தூக்கிப் பாத்தாச்சுல்ல சார்? கெளம்புங்க, அவ படிக்கணும்.”