மானிட்டரில் வந்த மேட்ச்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கரண்ட் ஒரு தடவை போய்த் திரும்பி வந்ததில் பிரிஸ்கில்லாவின் வீட்டு டிவி செத்துப்போனது. திரையில் ஒரு மினுக்கு, பிறகு இருட்டு. அவள் கணவன் சாம்சன் டிவியின் பின்னால் தட்டிப் பார்த்தான், பிளக்கைப் பிடுங்கிச் சொருகினான். ஒன்றும் நடக்கவில்லை.

வேறு எந்த ஞாயிறாக இருந்தாலும் பிரிஸ்கில்லா கவலைப்பட்டிருக்க மாட்டாள். இன்று சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் கபடி இறுதிப் போட்டி. அவள் வேலை பார்க்கும் ராஜபாளையம் ஸ்பின்னிங் மில்லின் அணிக்கும் தேவதானம் அணிக்கும் மோதல். மில் அணிக்கு கேப்டனே அவள்தான். ஆனால் அரையிறுதியில் கணுக்கால் எலும்பில் விரிசல் விட்டு, இப்போது முழங்கால்வரை மாவுக்கட்டோடு கட்டிலில் கிடக்கிறாள். மாடியிலிருந்து இறங்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். லோக்கல் கேபிளில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்பது ஒன்றுதான் அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

"கீழ் வீட்ல போயிப் பாப்போமா? நான் தூக்கிட்டுப் போறேன்" என்றான் சாம்சன்.

"கீழ் வீட்டு சோலைராஜ் அண்ணன் குடும்பத்தோட மேட்சுக்குப் போயாச்சுங்க. தெருவே வேன்ல ஏறிப் போயிருச்சு. நம்ம டீம் பொன்மணிக்கு வீடியோ கால் போட்டுப் பாத்தேன், கிரவுண்டுல நெட்டே எடுக்கல, சுத்திக்கிட்டே இருக்கு."

சாம்சன் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகையும் பிளக்ஸும் டிசைன் செய்து கொடுப்பவன். அவனுடைய கம்ப்யூட்டர் மேசை அடுத்த அறையில் இருந்தது. பிரிஸ்கில்லாவின் கண் அந்தப் பக்கமே போனது.

"ஏங்க, கேபிள் பாக்ஸை உங்க மானிட்டர்ல மாட்டினா என்ன?"

சாம்சன் ஒரு நிமிடம் யோசித்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மானிட்டரைக் கழற்றித் தூக்கி வந்தான். பாக்ஸின் பின்னால் பார்த்தான், மானிட்டரின் பின்னால் பார்த்தான். பாக்ஸில் இருந்தது தட்டையான ஹெச்.டி.எம்.ஐ. ஓட்டை. பழைய மானிட்டரில் இருந்ததோ ஊசி ஊசியாகப் பின் சொருகும் வி.ஜி.ஏ. ஓட்டை மட்டும்.

"ரெண்டும் சேராது பிரிசி. நடுவுல ஒரு கன்வெர்ட்டர் வேணும்."

"கடையெல்லாம் பூட்டியிருக்குமே!"

"சி.சி.டி.வி. மாட்டுற காளிராஜ்கிட்ட கட்டாயம் கெடக்கும். செத்த நேரம் இரு, வாரேன்."

பைக் சத்தம் தெருமுனையில் மறைந்தது. பிரிஸ்கில்லா கடிகாரத்தையும் கறுத்த திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். மனசுக்குள் வேறொன்றும் அரித்துக்கொண்டிருந்தது. அவள் இடத்தில் இன்று இறங்குவது எலினா, வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். அணி ஜெயிக்க வேண்டும் என்றுதான் காலையில் சர்ச்சில் ஜெபித்தாள். ஆனால் 'பிரிஸ்கில்லா இல்லாமல் முடியவில்லை' என்று நாலு பேர் சொன்னால் நன்றாயிருக்கும் என்றும் ஒரு மூலையில் தோன்றியது. தோன்றியதும் அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது.

சாம்சன் வேர்த்து விறுவிறுக்க வந்து சேர்ந்தான். உள்ளங்கையில் தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் கேபிள் பாக்ஸின் ஒயரைச் சொருகினான், மறுபக்கம் மானிட்டர் ஒயரைத் திருகினான். சுவிட்சைப் போட்டான். 'நோ சிக்னல்' என்ற எழுத்து திரையில் மிதந்தது.

"அய்யோ, டாஸ் போட்டிருப்பாகளே!"

சாம்சன் கழற்றி மாட்டினான், ஊதினான், மறுபடி மாட்டினான். நோ சிக்னல். பிரிஸ்கில்லா கட்டிலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"அந்தப் பெட்டியிலேருந்து வாலு மாதிரி ஒரு சின்ன ஒயர் தொங்குதே, அது எதுக்கு?"

அது யு.எஸ்.பி. ஒயர். பெட்டிக்குக் கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது சாம்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. தன் போன் சார்ஜரைப் பிடுங்கி அதில் சொருகினான்.

மானிட்டர் பளிச்சென்று வெளுத்தது. மறுவிநாடி, செம்மண் மைதானம், வெள்ளைக் கோடுகள், நீலச் சட்டையில் மில் அணி!

"வந்துருச்சு! வந்துருச்சுங்க!" பிரிஸ்கில்லா தலையணையைத் தூக்கி எறிந்தாள்.

படம் வந்தது, சத்தம் வரவில்லை. அந்த மானிட்டரில் ஸ்பீக்கரே கிடையாது. "பரவாயில்ல, நகருங்க, மறைக்காதீங்க" என்று அவள் திரையோடு ஒட்டிக்கொண்டாள்.

நிலைமை மோசமாக இருந்தது. தேவதானத்து மாடத்தி, நெடுநெடுவென்று வளர்ந்தவள், கபடி பாடி வரும்போதெல்லாம் ஆளைத் தொட்டுவிட்டுப் போனாள். இடைவேளையில் மில் அணி ஐந்து புள்ளி பின்னால் நின்றது. ஆனால் கூச்சலும் வர்ணனையும் இல்லாமல் பார்த்துக்கொண்டிருந்த பிரிஸ்கில்லாவின் கண் மாடத்தியின் கால்களை விட்டு அகலவில்லை.

"ஏங்க, கவனிச்சீங்களா? அவ ரெண்டு எட்டு பின்னால போறா. திரும்பிப் போறான்னு நம்ம புள்ளைக அசருது. அந்த நேரத்துல வலது காலை வீசிருதா! ஒவ்வொரு தடவையும் அதேதான்!"

பொன்மணிக்குப் போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. திரையில் பொன்மணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"சோலைராஜ் அண்ணனுக்குப் போடு. அந்தா, மஞ்சத் துண்டு, கோட்டோரமா நிக்காக பாரு!" என்று சாம்சன் திரையைத் தொட்டுக் காட்டினான்.

முதல் மணியிலேயே எடுத்தார்.

"அண்ணே, நான் பிரிஸ்கில்லா! போனைக் கொண்டுபோய்ப் பொன்மணிகிட்டக் குடுங்க. ஓடுங்க!"

போனில் மூச்சிரைப்பு கேட்டது. சில விநாடி கழித்துத்தான் திரையில் மஞ்சள் துண்டு குறுக்கே ஓடியது. படம் பின்தங்கி வருகிறது!

"ஏட்டி பொன்மணி, அவ பின்னால போனா ஏமாறாத. திரும்பி வருவா. வலது காலு நீளும். கணுக்காலைப் புடி!"

"சரிக்கா, சரிக்கா!" என்று பொன்மணி கத்தினாள்.

இரண்டாம் பாதி தொடங்கியது. மாடத்தி வந்தாள், பின்வாங்கினாள், காலை வீசினாள். பொன்மணி மண்ணில் பாய்ந்து கணுக்காலைக் கவ்வினாள். நாலு பேர் மேலே விழுந்தார்கள். பிரிஸ்கில்லா சாம்சனின் தோளில் ஓங்கி அடித்தாள். அடியை வாங்கிக்கொண்டே, கறுப்புப் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த சின்ன ஓட்டையை அவன் அப்போதுதான் பார்த்தான். கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து அதில் சொருகியதும் மைதானத்தின் இரைச்சல் வீடு முழுக்கக் கொட்டியது.

புள்ளிகள் ஒவ்வொன்றாக ஏறின. சமன். ஒன்று முன்னால். கடைசி ரைடு மாடத்திக்கு. தொட்டால் சமன், பிடித்தால் கோப்பை.

சோலைராஜின் அழைப்பு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. போனில் சத்தம் முந்தி வந்துவிடும். "முடிவு காதுல விழுந்துரக் கூடாது!" என்று பிரிஸ்கில்லா அதைத் துண்டித்துக் கட்டிலில் எறிந்தாள்.

மாடத்தி கெட்டிக்காரி. தன் குட்டு வெளிப்பட்டது தெரிந்துவிட்டது. இரண்டு எட்டு பின்னால் போனவள் காலை வீசவில்லை. பொன்மணி குனிந்த நேரம் பார்த்து எதிர்மூலைக்குக் கையை நீட்டிப் பாய்ந்தாள். அங்கே நின்றது எலினா. கைக்குத் தப்பி ஒருச்சாய்ந்து, மாடத்தி நிலை தவறிய நொடியில் பின்னாலிருந்து இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். உயரமான மாடத்தி இழுத்தாள், எலினா தரையில் உரசிக்கொண்டே போனாள். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது மற்றவர்கள் வந்து விழுந்தார்கள். விசில்.

"எலினா! என் தங்கமே எலினா!" பிரிஸ்கில்லா ஒற்றைக்காலில் எழுந்து நின்றுகொண்டிருந்தாள். எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. கண்ணில் நீர் வழிந்தது. அந்த மூலையில் நின்றிருந்தால் தானே அவ்வளவு வேகமாகத் திரும்பியிருக்க முடியுமா என்று தெரியவில்லை. அது அவளுக்கு வலிக்கவும் இல்லை.

கோப்பையைக் கொடுத்து முடித்த பிறகு போன் அடித்தது. பொன்மணி. பின்னால் ஒரே கூச்சல். "அக்கா! வேன்ல ஏறுறோம்! பஞ்சு மார்க்கெட் வழியா ஒங்க தெருமுனைக்குத்தான் வாரோம்!"

பிரிஸ்கில்லா சாம்சனைப் பார்த்தாள். சாம்சன் மாவுக்கட்டைப் பார்த்தான்.

"டாக்டர் எறங்கக் கூடாதுன்னாரு" என்றான்.

"நான் எறங்கப் போறதில்லையே. நீங்கதான தூக்கிட்டுப் போறேன்னீங்க."

சாம்சன் சிரித்துக்கொண்டே குனிந்து முதுகைக் காட்டினான். அவள் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். படியில் பாதி இறங்கும்போதே, "சீக்கிரம், சீக்கிரம், வேன் தாண்டிப் போயிரும்" என்று அவன் காதில் கத்தத் தொடங்கிவிட்டாள்.