பன்னிரண்டாம் படுக்கையின் பதில்

ஆண்கள் வார்டில் பெண்களுக்கு மாலை நான்கு முதல் ஆறு வரைதான் அனுமதி. ஐந்து நிமிடம் முன்னதாகவே அக்கா வாசலில் வந்து நின்றாள். காவலாளி கடிகாரத்தைக் காட்டினார். இருபது வருடமாகத் தையல் மெஷினோடு மல்லுக்கட்டியவளுக்கு ஒரு காவலாளி பெரிய விஷயமில்லை. சண்டை போட்டால் கிடைக்கிற இரண்டு மணி நேரமும் போய்விடும் என்றுதான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

பன்னிரண்டாம் படுக்கையில் அவள் தம்பி. முப்பத்தாறு வயது, பிறந்ததிலிருந்தே ஆட்டிசம். நேற்றுக் காலையில்தான் குடல்வால் ஆபரேஷன். நேற்று முழுக்க மயக்கத்தில் இருந்தான். வீட்டில் பஸ் நம்பர்களை விடாமல் ஒப்பிப்பவன், தெருவே அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடும். இப்போது வாயே திறக்கவில்லை. சட்டைக் காலரைக் கடித்தபடி, முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு கிடந்தான். அவன் வாய் மூடினால் வலி என்று அர்த்தம். கை முறிந்தபோது மூன்று நாள் மூடியிருந்தான்.

நர்ஸிடம் ஓடினாள். முப்பது நோயாளிகளுக்கு அந்தப் பெண் ஒருத்திதான். உங்க தம்பி மாதிரி எல்லாரும் இருந்தால் எங்களுக்குக் கவலையே இல்லை, காலையிலிருந்து ஒரு சத்தமில்லை என்று பாராட்டு வேறு. அந்தச் சத்தமில்லாததுதான் வம்பு என்று அக்கா விளக்கினாள். நர்ஸ் காது கொடுத்துக் கேட்டாள், அதில் குறை சொல்லக் கூடாது. படுக்கைக்கு வந்து குனிந்தாள்.

"வலிக்குதா, வலிக்கலையா?"

"வலிக்கலை," என்றான் தம்பி.

நர்ஸ் நிமிர்ந்து, போதுமா என்பதுபோல் பார்த்தாள்.

"மாத்திக் கேளுங்க. வலிக்கலையா, வலிக்குதான்னு கேளுங்க," என்றாள் அக்கா.

கேட்டாள். "வலிக்குது," என்றான்.

"பயந்துட்டா கடைசியா காதுல விழுறதைத்தான் சொல்வான். டாக்டரைக் கூப்பிடுங்கம்மா."

டாக்டர் ஆறு மணிக்குத்தான் வருவார் என்றாள் நர்ஸ். அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றாள். நல்ல வார்த்தையெல்லாம் தீர்ந்துபோய்க் கத்தத் தொடங்கினாள். பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். அந்தக் கத்தலை அடக்கத்தான் டாக்டருக்குப் போன் போனது.

அவரும் எரிச்சலோடுதான் வந்தார். வயிற்றில் கை வைத்ததும் முகம் மாறிவிட்டது. வயிறு பலகை மாதிரி இறுகியிருந்தது. உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, உடனே திறக்க வேண்டும், இன்னும் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அக்காவின் முகத்தைப் பார்த்து அதோடு நிறுத்திக்கொண்டார்.

தம்பியைத் தள்ளிக்கொண்டு போன பிறகு, அக்கா நேராக நர்ஸின் மேசைக்குப் போனாள். கோபம் தலைக்கேறியிருந்தது. காலையிலிருந்து அவனை ஒருத்தராவது எட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டாள். நர்ஸ் ஃபைலைப் பிரித்து வைத்தாள். ஆறு மணி, வலி இல்லை. எட்டு மணி, வலி இல்லை. பத்து, பன்னிரண்டு, இரண்டு, எல்லாவற்றுக்கும் அதே. ஒரு வேளை விடாமல் கேட்டிருக்கிறார்கள். அவனும் பாவம், ஒரு வேளை விடாமல் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறான்.

பிறகு நர்ஸ் முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். சேர்க்கும்போது நிரப்பிய படிவம். 'நோயாளிக்குச் சிறப்பு உதவி ஏதேனும் தேவையா?' என்ற கேள்விக்கு எதிரே எழுதியிருந்தது: தேவையில்லை. கேட்டால் பதில் சொல்வார். தொந்தரவு கொடுக்க மாட்டார்.

அது அக்காவின் கையெழுத்து.

"இதை நம்பித்தானே நாங்க இருந்தோம். ஏன் இப்படி எழுதினீங்க?"

முதலில் போன ஆஸ்பத்திரியில் அக்கா உள்ளதை உள்ளபடிதான் எழுதினாள். இந்த மாதிரி ஆட்களைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆளில்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். ஆட்டோவில் சுருண்டு கிடந்தவனை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை வாசல் ஏறி இறங்குவது?

"உண்மையை எழுதியிருந்தா சேர்த்திருப்பீங்களா?"

சேர்த்திருப்போம் என்று சொல்ல நர்ஸுக்கு ஆசைதான். ஃபைலை மூடிவிட்டு, தன் நாற்காலியை அக்காவின் பக்கம் நகர்த்திப் போட்டாள்.